என்னை மட்டும் கூப்பிடவில்லை

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நான் முட்டாள். அதிலும் நோட்டரியின் சீல் வாங்கிய முட்டாள். "அந்தக் காலத்தில் அந்த விடுதியில் அப்படி ஒரு சங்கதி நடந்ததாக யாரும் பேசிக் கேட்டதில்லை, யாரும் ஒரு வரி எழுதி வைத்ததுமில்லை" என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன். எழுதியவன் ஒருவன் உண்டு. அது நான்தான். பதினொரு போஸ்ட்கார்டு எழுதியிருந்தேன். எழுதியதை மறந்துவிட்டு, எழுதவே இல்லை என்று ஜட்ஜிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கோர்ட் வளாகத்தில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. சட்டம் தெரிந்ததற்காக இல்லை, தமாஷ் சொல்லுவதற்காக. ஜப்தி செய்ய வந்த அமீனாவையே சிரிக்க வைத்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் தலைநிமிர்ந்து நடந்தேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

விடுதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், இப்போது இடிந்துபோன ஒரு ஓட்டுக் கட்டிடம். மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வந்த பையன்கள் அங்கே தங்கியிருந்தோம். நான் அம்பூரி. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். இந்தக் கதையின் இன்னொரு ஆள், அவன், கோட்டுகால் பக்கம். அவனுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். அவனுக்குச் சுருள் முடி, கணீரென்ற குரல், கணக்கில் முழு மார்க். எனக்கு இதில் எதுவுமே கிடையாது. சொறி மட்டும் இருந்தது.

வார்டன் சாருடைய அறை தனியாக, மாமரத்தடியில் இருந்தது. அதில் ஒரு ரேடியோவும் ஒரு மேசை விசிறியும் உண்டு என்று கேள்வி. டின் நிறைய ரஸ்க் உண்டு என்பது கேள்வி இல்லை, உண்மை. அவன் கையில் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லோரும் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது சமையல்காரர் வந்து அவனிடம் சொல்லுவார்: "எலே, ஒன்ன சார் விளிச்சாரு." அவன் ஈரக்கையை நிக்கரில் துடைத்துக்கொண்டு போவான். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவனுடைய சட்டையையும் சேர்த்து நானே அலசவேண்டிவரும். அலசும்போது காலரைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடிப்பேன்.

என்னையும் கூப்பிட வைப்பதற்கு நான் செய்யாத வித்தை இல்லை. தலையில் எண்ணெய் வழிய வழியத் தடவிக்கொண்டு சார் போகிற வழியில் நின்றேன். அவருடைய சன்னலுக்குக் கீழே நின்று பாட்டுப் பாடினேன். சன்னலைச் சாத்திவிட்டார். அவனுக்கு "யுவராஜா" என்று பெயர் வைத்தது நான்தான். எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் வைத்த பெயர் ஊரில் செல்லுபடியாவது அதுதான் முதல் தடவை. தமாஷ்காரன் பிறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த அறைக்குள் அவனுக்கு என்ன நடந்தது என்பதை அவன் பின்னாளில் போலீஸிடம் சொன்னான். மாஜிஸ்ட்ரேட்டிடமும் சொன்னான். அதை இங்கே எழுதுவது என் வேலை இல்லை. நான் எழுத வந்தது என்னுடைய பொறாமையைப் பற்றி.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் போயிற்று. வார்டன் சார் ஓய்வு பெற்று, தலையெல்லாம் பஞ்சாகி, ஊரில் பெரிய மனிதராக இருந்தார். பழைய மாணவர்கள் கூடி அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தோம். வாழ்த்துரை சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று தமாஷ் தயார் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதற்கு என் மனைவியே சிரித்துவிட்டாள். அவள் என் தமாஷுக்குச் சிரிப்பது ஓணம் விஷு போல வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான்.

மேடையில் என் முறை வந்தது. தொண்டையைச் செருமினேன். அப்போது பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். சுருள் முடி. ஒரு முடிகூட உதிரவில்லை, படுபாவி. மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது.

"இவரு எனக்குச் செய்தத நான் இங்க சொல்லட்டா, இல்ல ஸ்டேஷன்ல போய்ச் சொல்லட்டா?"

வார்டன் சார் தோளில் கிடந்த பொன்னாடையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் வெளியே நடந்தான், நாலைந்து பேர் பின்னாலேயே போனார்கள். அப்போது என் மனதில் என்ன தோன்றியது என்று உண்மையாகச் சொல்லவேண்டும் என்றால், இதுதான்: இன்றைக்கும் அவன்தான். மூன்று தமாஷும் என் சட்டைப்பையில் மடித்த காகிதத்தில் அப்படியே இருந்தன.

போலீஸில் புகார் கொடுத்தான், கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. வார்டன் சார் வந்து நின்றது எங்கள் வக்கீலிடம். நான் போய் நாற்காலி போட்டேன். விடுதியில் நானும் இருந்தேன் என்றும், எந்தப் பாய் என்னுடையது என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஞாபகம் வரல்லியே" என்றார். பிறகு வக்கீலிடம் திரும்பி, அந்தக் கோட்டுகால் பையனின் வகுப்பு, அவன் அப்பாவின் பெயர், அவன் பாடிய பாட்டு எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். என் காது சூடேறிற்று. அந்த ஞாபகம் எப்படிப்பட்ட ஞாபகம் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். புரியவில்லை. என்னை ஞாபகமில்லை என்பது மட்டும்தான் வலித்தது.

வக்கீல் சார் போட்ட மனு இதுதான்: இத்தனை வருஷம் கழித்து ஒரு மனிதனை விசாரணைக்கு நிறுத்துவது நியாயமில்லை, சாட்சி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே வழக்கை நிறுத்தி அவரை விடுவிக்கவேண்டும். விடுதியின் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது, சமையல்காரர் செத்துப்போனார், அந்தக் காலத்தில் யாரும் ஒரு முறையீடு சொன்னதாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எதை வைத்து இந்த வயோதிகர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார்? மனு நன்றாகத்தான் இருந்தது. நான்தான் டைப் அடித்தேன். "வயோதிகர்" என்று வந்த இடத்தில் "நிராதரவான" என்று ஒரு சொல்லை நானாகவே சேர்த்தேன்.

மனுவோடு கூட, விடுதியில் இருந்த ஒரு ஆளின் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார் வக்கீல் சார். பழைய ஆட்கள் நாலைந்து பேரைத் தேடிப் போனேன். ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவருக்கு உடம்பு சுகமில்லை, ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம், ஒருவர் என்னைக் கண்டதும் புறவாசல் வழியாகப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்னேன்.

"எடோ, நீயும் அங்கதானே கெடந்தே?" என்றார் வக்கீல் சார். "நீ ஒப்பிட்டா போதும், ஒரு கையெழுத்து."

குமாஸ்தாவே சாட்சியாக வருவது அழகில்லை என்று அவருக்கும் தெரியும். வேறு ஆள் இல்லை. நான் பேனாவைத் திறந்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யுவராஜாவின் கிரீடத்தை ஒரு கையெழுத்தில் கழற்றிவிடலாம் என்றால் யார் யோசிப்பார்கள்?

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: "இத்தன வருசம் கழிச்சு நாலுபேர் முன்னால எழும்பி நின்னு அதச் சொல்லணும்னா ஒரு தைரியம் வேணும். உங்களுக்கு உண்டா?"

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குத் தமாஷ்தான் வரும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஓணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. என் மனைவி ஒரு ஆணின் தைரியத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆணும் அவன்தான்.

மனு விசாரணைக்கு வந்த அன்றைக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷமாக அந்த வராந்தாவில் நடக்கிறேன், எனக்கு யாரும் நகர்ந்ததில்லை. டீக்கடைக்காரர் முதல் கிளாஸை அவனிடம் நீட்டினார். இரண்டாவது கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டு, "ஒரு தமாஷ் சொல்லும் வே" என்றார். சொன்னேன். அவன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பழைய வீட்டைக் கடந்து போகிறவன் பார்ப்பது மாதிரிப் பார்த்தான்.

வக்கீல் சார் நன்றாக வாதாடினார். ஜட்ஜி கடைசியில் சர்க்கார் வக்கீலிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் இது யார் காதிலாவது விழுந்தது என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் உண்டா? சர்க்கார் வக்கீல் அவனைப் பார்த்தார். அவன் தலையை அசைத்தான், இல்லை என்று. அடுத்த வாய்தாவுக்குள் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மனுவின் மீது உத்தரவு என்றார் ஜட்ஜி. உத்தரவு எப்படி இருக்கும் என்று பெஞ்சு கிளார்க்குக்கும் தெரியும், மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைக்கும் தெரியும். கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அவன் சொன்னதை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

நான் அன்றைக்கு வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாய்தாவுக்கு முன்னால்தான் என் தம்பி அம்பூரியிலிருந்து ஆள் அனுப்பினான். ஓட்டுவீட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடுகிறான், அப்பாவின் சாமான்களில் எனக்கு வேண்டியது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். அப்பா போய் ஆறு வருஷம். வெட்டுக்கத்தி, சிரட்டை, ஒரு குடை. அவற்றோடு உத்தரத்திலிருந்து இறக்கிய கம்பியும் முற்றத்தில் கிடந்தது. எல்லா வீட்டிலும் உண்டே, வருகிற கடிதம், ரசீது எல்லாவற்றையும் குத்தி வைக்கிற, நுனி வளைந்த கம்பி. துருப்பிடித்து, ஒரு முழத்துக்குக் காகிதம் ஏறியிருந்தது.

தம்பி அடியில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தான். "அண்ணா, இது ஒனக்க எழுத்தாக்கும்."

மஞ்சளாய்ப்போன போஸ்ட்கார்டுகள். நடுவில் ஓட்டை. மூலையில் தபாலாபீஸின் கறுப்பு முத்திரை, தேதியோடு, இன்றைக்குக் குத்தியது போல. நான் அப்பாவுக்கு எழுதியவை. முதல் கார்டைப் படித்ததுமே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பாவுக்கு, நான் சுகம். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வார்டன் சார் அவனை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நீங்கள் வரும்போது ஒரு குலை ஏத்தன்பழம் கொண்டுவந்து சாருக்குக் கொடுத்தால் என்னையும் கூப்பிடுவார்."

அடுத்ததும் அதுதான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சாயங்காலம் உட்கார்ந்து, பொறாமை பொங்கப் பொங்க எழுதியிருக்கிறேன். அவன் எப்போது போனான், எப்போது வந்தான், கையில் எத்தனை ரஸ்க். பழக்குலையை மறக்கவேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி.

அப்பாவிடமிருந்து பதில் வரும், ஞாபகம் இருக்கிறது. மலையாளத்தில் இரண்டு வரி: சுகம், நன்றாகப் படி. ஏத்தன்பழத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. மகன் கேட்டதைக் கண்டுகொள்ளாத மனிதர் என்று வெகுகாலம் அவர்மேல் ஒரு வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தில்தான் கார்டுகளையே மறந்துபோயிருக்கவேண்டும். தம்பியிடம் கேட்டேன், அப்பா இதைப் படித்தாரா இல்லையா என்று.

"அப்பாவுக்குத் தமிழ் எழுத்து எங்க தெரியும்?" என்றான் தம்பி. "மலையாளந்தானே படிச்சாரு. ஒனக்க கார்டு வந்தா முத்திரையப் பாப்பாரு. பிள்ளைக்கு சுகந்தான்னு அம்மாட்ட சொல்லிட்டுக் கம்பியில குத்துவாரு."

வாழ்நாள் முழுக்க அவரோடு தமிழில்தான் பேசினேன். வீட்டில் பேசியது தமிழ், அவர் பள்ளிக்கூடத்தில் கற்றது மலையாளம். பேசுகிறவருக்குப் படிக்கவும் தெரியும் என்று நான் நினைத்தேன். தெரியாது என்று மகனிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனை வீடுகளில் இப்படி அப்பாவும் பிள்ளையும் எழுத்தில் சந்திக்காமலே போனார்களோ. அவர் படித்திருந்தால் ஒரு குலையை வெட்டிக்கொண்டு வந்திருப்பார். எனக்காக எதையும் செய்வார். சார் என்னையும் கூப்பிட்டிருப்பார். அல்லது படித்துவிட்டு, வளர்ந்த மனிதருக்குத் தோன்றவேண்டியது தோன்றி, வெட்டுக்கத்தியோடு வந்திருப்பார். அதுவும் நடந்திருக்கலாம்.

ஒன்பதாவது கார்டு இது.

"இன்று அவன் அறையிலிருந்து வந்து கிணற்றடியில் அழுதான். சார் கெட்டவர், இனி போகமாட்டேன் என்று என்னிடம் சொன்னான். நான் பொறாமைப்படக் கூடாது என்று நடிக்கிறான். ரஸ்க் தின்று வயிறு வலிக்கிறதா யுவராஜா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்."

அதற்குப் பிறகு இரண்டு கார்டு. இரண்டிலும் பழக்குலைதான்.

திங்கட்கிழமை வக்கீல் சாரிடம் சொன்னேன். கார்டுகளைக் காட்டவில்லை, சொல்ல மட்டும் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எடோ, அது நான் கண்டிட்டில்ல" என்றார். "நீயும் கண்டிட்டில்ல." அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பிரமாணப் பத்திரம் பொய் என்று ஆனால் வேலை போகும், என்மேலேயே கேஸ் வரும். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. அந்த வராந்தா முழுக்க என் தமாஷுக்குச் சிரித்த ஆட்கள், என்னைக் கூப்பிடுங்கள் கூப்பிடுங்கள் என்று பழக்குலையோடு கெஞ்சிய பையனைப் பார்த்துச் சிரிப்பார்கள். டீக்கடைக்காரர் முதல் கிளாஸை அதற்காகவே எனக்குக் கொடுப்பார்.

மூன்று நாள் கார்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். நாலாவது நாள், கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கோட்டுகாலுக்குப் பஸ் ஏறினேன். நல்ல எண்ணத்தோடு போனேன் என்று பெருமைப்பட முடியவில்லை. மனைவி கேட்ட கேள்விக்குப் பாதி பதிலாவது கையில் இருக்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவன் வள்ளங்களுக்குப் போடுகிற எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவன். ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை. ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய்ப் புகையில் இரண்டு மீன்பிடிக்காரர்கள் கைகட்டி நின்று, அவன் முகத்தை டாக்டர் முகத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேஸ்திரி, தேறுமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அதிலும் ஒரு குத்தல். என்னிடம் யாரும் எதற்கும் அப்படி முகம் பார்த்து நின்றதில்லை.

என்னைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தினான். வக்கீலின் ஆளாக வரவில்லை என்று நான் ஆரம்பித்தேன்.

"ஒனக்க தமாஷ் கேக்க நேரமில்ல மக்கா. இந்த எஞ்சின் இன்னைக்குக் கடலுக்குப் போகணும்."

சட்டைக்குள்ளிருந்து கார்டுகளை எடுத்து நீட்டினேன். கையைக் கந்தல் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினான். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்தான். மீன்பிடிக்காரர்கள் நாகரிகமாக வெற்றிலை போடத் தள்ளிப் போனார்கள். மூன்றாவது கார்டில் நிறுத்தினான்.

"ஒனக்க அப்பா பழம் கொண்டு வந்தாரா?"

"இல்ல. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்றான். கிண்டல் இல்லாமல்தான் சொன்னான்.

ஒன்பதாவது கார்டை அவன் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் இரண்டு பஸ் கடந்து போயிற்று. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் டிரம்மில் மிதந்த எண்ணெயைப் பார்த்தேன். ஏதாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது. சொன்னேன். ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னேன். உன்னைக் கண்டு பொறாமைப்பட்டேன், விழா அன்றைக்கும் பட்டேன், கோர்ட்டிலும் பட்டேன், இப்போது இந்த எஞ்சினைக் கண்டும் படுகிறேன் என்றேன். பிறகு வந்த காரியத்துக்கு வந்தேன்.

"சர்க்கார் வக்கீல்ட்ட இதக் குடு. முத்திரை உண்டு, தேதி உண்டு, அது போதும், கேஸ நிறுத்தமாட்டாவ. அடியில எனக்க பேரு இருக்கிற எடத்த மட்டும் கிழிச்சிரலாம். நான் எழுதினதுன்னு யாரும் அறியாண்டாம். கோர்ட்டுல எல்லாரும் சிரிப்பாவ மக்கா."

அவன் கார்டுகளை வரிசையாக அடுக்கி, ஓரம் தட்டிச் சீராக்கி, என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"கூண்டுல ஏறி நீயே வாசி."